புது நன்மைப் படத்தில் இல்லாதவள்

மூன்று நாளாக நம் வாட்ஸாப் குழுவில் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ராஜபாளையத்துக் கோயில் வாசலில், மே மாத வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெள்ளைக் கவுனும் வெள்ளைக் கால்சட்டையுமாக, புது நன்மை அன்று, முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கிய அன்று, எடுத்த படம். அவரவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ரசிக்கிறீர்கள். யாராவது தலையை எண்ணிப் பார்த்தீர்களா? இருபத்தொன்று. ஞான உபதேச வகுப்பில் நாம் இருபத்திரண்டு பேர் இருந்தோம். "உன்ன எங்கடி காணோம்?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நான் பதில் எழுதுவதற்குள் இன்னொருத்தி முந்திக்கொண்டு, "அவளுக்கு அன்னைக்கு அம்மை போட்டிருந்துச்சுல்ல" என்று எழுதிவிட்டாள். அதற்கு எட்டுப் பேர் கும்பிடு வேறு.

எனக்கு அம்மை போடவில்லை. அம்மை போட்டிருந்தது என்று தெருவெல்லாம் சொன்னது என் அம்மா. அவளாவது மானத்துக்காகச் சொன்னாள். நீங்கள் எனக்கு முன்னும் பின்னும் வரிசையில் நின்றவர்கள். கண்ணால் பார்த்ததை மறந்து, காதால் கேட்டதை நாற்பது வருஷம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

சும்மா இருந்திருப்பேன். ஆனால் அதே குழுவில், கோயிலில் மறுபடியும் கிராதி வைக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. இப்போதைய பிள்ளைகள் யூடியூபில் லத்தீன் பூசை பார்த்துவிட்டு, பெண்கள் லேஸ் முக்காடும் ஆண்கள் முழங்காலுமாகக் கிளம்பியிருக்கிறார்களாம். "நம்ம காலத்துப் பக்தி திரும்புது" என்று நீங்கள் கைதட்டுகிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் காலத்துப் பக்தி எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கிராதி நினைவிருக்கிறதல்லவா? பீடத்துக்கும் நமக்கும் நடுவே, இடுப்பளவு உயரத்தில், கடைந்த மரக்கால்களோடு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடிய தடுப்பு. அதன் மேல் நீளத்துக்கு வெள்ளைத் துணி தொங்கும். நன்மை வாங்குகிறவர்கள் வரிசையாக முழங்கால் போட்டு, கைகளை அந்தத் துணிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, கண்ணை மூடி நாக்கை நீட்ட வேண்டும். சாமியார் நாக்கில் வைத்துக்கொண்டே நகர்வார். துணி கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். மெழுகு வாசனையும் சாம்பிராணியும், மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்களின் தலையில் ஒட்டிய பஞ்சும், எனக்கு அந்த இடம் அப்படித்தான் ஞாபகம்.

அந்தத் துணியை வாராவாரம் துவைத்துக் கஞ்சி போட்டவள் என் அத்தை. அப்பாவின் அக்கா. கல்யாணமாகி ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பகலெல்லாம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் உட்கார்ந்து பேண்டேஜ் துணி மடிப்பாள். பூசை நடக்கும்போதே பெண்கள் பக்கத்தில் உரக்க ஜெபமாலை சொல்வதும் அவள்தான். கடுமையான வாய். முக்காடு நழுவிய பெண்களின் தலையில் ஜெபப் புத்தகத்தால் ஒரு தட்டு வைப்பாள். அந்தப் புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் மெழுகு சொட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை. எல்லாம் மனப்பாடம்.

பிறகு புதுச் சாமியார் வந்தார். இளவயது, புல்லட், கிடார். நமக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். கைதட்டிப் பாடச் சொன்ன முதல் சாமியார் அவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு திங்கள்கிழமை, இரண்டு ஆசாரிமாரை வைத்துக் கிராதியைக் கழற்றிவிட்டார். இனிமேல் எல்லோரும் நின்றபடியே ஒற்றை வரிசையில் வந்து கையில் வாங்க வேண்டும், ரோமாபுரியிலேயே அப்படித்தான் சொல்லிவிட்டார்கள் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிராதி என்றதும் உங்களுக்குக் கடைசல் வேலையும் கஞ்சித் துணியும்தான் நினைவு வருகிறது. அதில் யார் முதலில் முழங்கால் போடுவது என்று ஒரு முறை இருந்ததை வசதியாக மறந்துவிட்டீர்கள். நம் தெருக்காரர்கள் வாங்கி எழுந்த பிறகுதான் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் வருவார்கள். எங்கும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். புதுச் சாமியார் கிராதியைப் பிடுங்கியதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. நல்ல காரணம். அதை அவர் பிரசங்கத்தில் வாய்திறந்து சொல்லியிருக்கலாம். நம் பெரிய மனிதர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், ரோமாபுரியின் மேல் பாரத்தைப் போட்டார். அதனால் சண்டை கைக்கும் நாக்குக்கும் நடுவிலான சண்டையாகிப் போனது.

கழற்றிய கிராதி என்ன ஆனது தெரியுமா? கோயில் பின்புறத்தில் சாமியார் வீட்டுக் கோழிக்கூட்டைச் சுற்றி வேலியாக நின்றது. என் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குப் போகிற குறுக்குவழியில் அத்தையும் நானும் அதைப் பார்த்தோம். நன்மை வாங்க நாக்கை நீட்டிய இடத்தில் ஒரு சேவல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சேவலை விரட்டினாள். அது மறுபடி ஏறியது. அவள் மறுபடி விரட்டினாள். வெயிலில் நெடுநேரம் இதையே செய்தாள். நான் சிரித்துவிட்டேன், முதுகில் ஒன்று விழுந்தது.

"உழைக்கிற கைதான் ஆண்டவருக்குப் பிடிச்ச சிம்மாசனம்" என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அத்தை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் குதித்தாள். "இந்தக் கையாடா? காலைலருந்து துணி மடிக்கிற கை. மூக்கச் சிந்துத கை. இதுல ஆண்டவர வாங்கவா? அப்ப சாமியாருக்குப் பட்டம் குடுக்கையில அவிய கைக்கு மட்டும் ஆண்டவர் எதுக்குத் தைலம் பூச வச்சாரு?"

"விடுக்கா. ஊரோட ஒத்துப் போ" என்றார் அப்பா. மில்லில் ஃபிட்டர். இயந்திரம் தவிர வேறெதோடும் அவர் சண்டை போட்டதில்லை.

அத்தை ஊரோடு ஒத்துப்போகவில்லை. தை பிறந்ததும் ஞாயிறுதோறும் விடிகாலைப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு வயதான சாமியார் இன்னும் முழங்காலில் வைத்து நாக்கில்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். துணைக்கு நான். வயது ஒன்பது. நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது பழைய சட்டம். ஒரு மணி நேரம் போதும் என்று அது மாறிப் பல வருஷமாகியிருந்தது. அத்தைக்கு மாறவில்லை. இன்னும் நன்மையே வாங்காத எனக்கும் அதே சட்டம். "பழகட்டும்" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் கோபுரம். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வெறும் வயிற்றோடு நடந்தால், பால்கோவாக் கடைகளில் பால் சுண்டுகிற வாசனை வந்து அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். பூசை முடியும்வரை எச்சில்கூட விழுங்கலாமா கூடாதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். பூசை முடிந்ததும் அத்தை காகிதத்தில் கட்டிய பால்கோவா கொஞ்சம் வாங்கிக் கொடுப்பாள். கையெல்லாம் நெய்யாக நக்கித் தின்பேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். வாராவாரம் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் என்னைத் திட்ட மாட்டாள்.

அப்போதுதான் எனக்கு அவள் தனி வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். பச்சை உளுந்தப்பளத்தை டம்ளர் விளிம்பால் அழுத்தி வட்டமாக வெட்டி, என்னை அடுப்படிச் சுவர் ஓரம் முழங்கால் போட வைத்து, நாக்கில் வைப்பாள்.

"ஏட்டி, பல்லுல படக் கூடாது. தானாக் கரையணும். கைய எங்க வச்சிருக்க? பின்னால கட்டு. சாமியாரு நீட்டுன்னாலும் நீட்டாத. தைலம் பூசாத கை பட்டா அது சாவான பாவம். பட்டுச்சுன்னா மோட்சத்துல ஒனக்கு எடமில்ல, தெரிஞ்சுக்கோ."

அப்பளம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உப்புக் கரிக்கும். மாலையில் ஞான உபதேச வகுப்புக்கு வந்தால், சிஸ்டர் நம்மை வரிசையாக நிற்க வைத்து, வலது கை மேல் இடது கை வைத்து நீட்டச் சொல்வார். அங்கே கையை நீட்டினேன், வீட்டில் பின்னால் கட்டினேன். நீங்களெல்லாம் கவுன் தைக்க யார் கடைக்குப் போவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, எனக்கு ராத்திரி நரகக் கனவு வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேலிக்கு மேலாக மாங்காய் கொடுக்கும்போது ஒரு நாள் சொன்னாள்: "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டாம்பாங்க. உங்க வீட்ல பூசாரி கொடுத்தாலும் பக்தை வாங்க மாட்டேங்கறாளே." அம்மா சிரித்தாள். அத்தை அந்த மாங்காயைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாமியாருக்கு உடம்பு முடியாமல் போய், ஓய்வு மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவரும் கையில்தான் கொடுத்தார். முதல் ஞாயிறு அதைப் பார்த்ததும் அத்தை வரிசையிலிருந்து விலகித் திரும்பி நடந்தாள். அன்று பால்கோவா கிடையாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ராஜபாளையம் கோயிலிலேயே கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். எல்லோரும் வாங்கப் போகையில் இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். பாஸ்கு என்கிற ஈஸ்டர் அன்றைக்குக்கூட எழவில்லை.

இதன் கனம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, பாஸ்கு காலத்துக்குள் நன்மை வாங்கியே ஆக வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. வாங்காவிட்டால் அதுவும் சாவான பாவம். கையில் வாங்கினால் பாவம், வாங்காமல் இருந்தாலும் பாவம். அந்தப் பாஸ்கு காலத்தின் கடைசி ஞாயிறுதான் நமக்குப் புது நன்மை என்று அறிவித்திருந்தார்கள். அந்த ஆறேழு வாரத்தில் அத்தையின் சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு அவள் இளைத்தாள். எனக்கு அப்போது அவள் மேல் பயம் மட்டும்தான் இருந்தது.

அந்த ஞாயிறு. காகிதப் பூக் கிரீடம் நெற்றியை அறுத்தது. ஜிகினா சுற்றிய மெழுகுவத்தி வெயிலில் வளைந்து போனது. அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "அத்த சொன்னான்னு கிறுக்குத்தனம் எதுவும் பண்ணீராத. கைய நீட்டு, வாங்கு, வா" என்றாள். அத்தை என் முக்காட்டை மட்டும் சரிசெய்தாள்.

உயர வரிசையில் நான் ஏழாவது. முன்னால் இருந்த ஆறு பேரும் கையை நீட்டி வாங்கி நகர்ந்தார்கள். என் முறை வந்ததும் கால் தானாக மடங்கியது. கிராதி இல்லாத வெறும் தரையில் முழங்கால் போட்டு, கையைப் பின்னால் கட்டி, நாக்கை நீட்டினேன்.

"எந்திரிம்மா" என்றார் சாமியார், மெதுவாகத்தான். "எந்திரிச்சுக் கைய நீட்டு."

நான் அசையவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தது உனக்கு? பீடத்துக்கு முன்னால அடம் பிடிக்கக் கூடாது. எந்திரி." இப்போது கோயில் முழுக்கக் கேட்டது. எனக்குப் பின்னால் நின்றவள், "ஏட்டி, எந்திரியேன், எல்லாரும் பாக்காவ" என்று முழங்கையால் இடித்தாள். அம்மை போட்டிருந்தது என்று எழுதியவளே, அது நீதான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சாமியார் என்னைத் தாண்டி அடுத்த கைக்குப் போய்விட்டார்.

நாக்கில் கேட்கிறவருக்கு மறுக்க அவருக்கு அன்றைக்கும் உரிமை இல்லை. கையில் வாங்குகிறவர் மேல் பாவமும் இல்லை. இரண்டும் சட்டத்திலேயே இருந்தன. பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். படித்த சாமியாருக்கு ஒரு பாதி தெரியவில்லை, படிக்காத அத்தைக்கு மறு பாதி தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையை நாக்கை நீட்டியபடி தரையில் விட்டார்கள். இதை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

பதினைந்து பேர் என்னைத் தாண்டிப் போனீர்கள். நாக்கு காய்ந்து போன பிறகுதான் உள்ளே இழுத்தேன். எழவில்லை. ஓரமாக நகர்ந்து, தூணுக்குப் பக்கத்தில் முழங்காலிலேயே இருந்தேன். அத்தை சொன்னபடி செய்துவிட்டேன், அத்தை வருவாள், என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போவாள், சாமியாரைக் கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேன்.

அத்தை வந்தாள். பெரியவர்கள் வரிசையில், நின்றபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முறை வந்ததும் வலது கை மேல் இடது கையை வைத்து நீட்டினாள். கீழே இருந்து பார்த்த எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. சாமியார் வைத்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இடது கையை மூடினாள். என்னைத் தாண்டிப் போனாள்.

படம் எடுக்கக் கூப்பிட்டபோது அம்மா என்னைத் தரதரவென்று இழுத்து அப்பாவின் சைக்கிளில் ஏற்றினாள். பிறகு அந்த அம்மைக் கதை கிளம்பியது. அடுத்த வருஷம், நம்மைவிடச் சின்னவர்களோடு, கணுக்காலுக்கு மேல் ஏறிப்போன அதே கவுனில் நான் வாங்கினேன். கையில்தான்.

அன்று மத்தியானத்துக்கு வருகிறேன். நாங்கள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழித்து அத்தை நடந்தே வந்தாள். அந்த வெயிலில் குடையை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரிக்காமல் வந்தாள். இடது கை இன்னும் மூடியே இருந்தது. "மதினிக்கு இன்னும் கோவம் ஆறல போல" என்றாள் அம்மா.

அத்தை நேராக அடுப்படிக்குப் போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரைப் பலகை மேல் வைத்தாள். அதற்கு நேர் மேலே இடது கையைப் பிடித்து மெல்லத் திறந்தாள். செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில் தண்ணீர் விட்டு, ரேகை ரேகையாக விரலால் வழித்து, அந்தத் தண்ணீரை டம்ளரில் இறக்கினாள். கையில் ஒட்டியிருக்கக்கூடிய அப்பத் துகள்கூடக் கீழே விழக் கூடாது, அதிலும் முழு ஆண்டவர் இருக்கிறார் என்பது அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். வாயை வைத்துப் பாதி குடித்தாள். பிறகு திரும்பினாள். நான் நிற்பது அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"வா" என்றாள். "முழங்கால் போட வேண்டாம். இந்தா, குடி. ஒனக்குன்னுதான்டி மூடிட்டு வந்தேன்."

எனக்காகத்தான் வரிசையில் வந்தாளா, கட்டளைக்குப் பயந்து வந்தாளா, நன்மைக்கான பசி தாங்காமல் வந்தாளா, எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் அவள் சாகும்வரை நான் கேட்கவும் இல்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தரையில் கிடந்தேன், இவள் நின்று வாங்கினாள் என்பதுதான்.

"கையில வாங்குனது எனக்கு வேண்டாம்" என்றேன். "அது பாவம்."

அவள் சொல்லிக் கொடுத்த அதே குரலில் சொன்னேன். அத்தை மீதியையும் அவளே குடித்து, டம்ளரின் உள்பக்கத்தை விரலால் துடைத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து ஒரு அடியை எதிர்பார்த்து நான் முதுகை வளைத்து நின்றேன். அவள் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை.

கிராதி வைக்கிறவர்கள் வையுங்கள். முழங்கால் போடுகிறவர்கள் போடுங்கள். என்னை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள், அம்மை போட்டிருந்தது என்றும் இனிமேல் எழுதாதீர்கள். அடுத்த ஞாயிறும் அத்தை வரிசையில் நின்று கையில்தான் வாங்கினாள். ஆனால் பீடத்தின் பக்கத்திலேயே உள்ளங்கையை நக்கித் துடைத்துவிட்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.